வடக்குச் சாளரம்

நான் கல்லூரிப் படி ஏறியவனில்லை. காஞ்சன்பாக்கில் 40 வருஷமாக ஜவுளி வியாபாரம். சேலையின் நிறம் பார்க்க வேண்டுமானால் வாடிக்கையாளரை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து வருவேன். குழல்விளக்கு பொய் சொல்லும். அந்தக் கண்ணோடுதான் இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் உள்ள மெதக் பேராலயத்தில் காலை முதல் மாலை வரை ஒருநாள் உட்கார்ந்திருந்தேன்.

பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துப் பாதிரியார் சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் எழுப்பிய ஆலயம் அது. 1924 டிசம்பர் 25இல் அர்ப்பணம் ஆயிற்று. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் மூன்று. பக்கங்களில் இயேசுவின் பிறப்பு (1947), சிலுவை மரணம் (1958), வடக்கே விண்ணேற்றம் (1927).

காலையில் ஒரு பக்கம் ஒளிர்கிறது. வெயில் சாயச் சாய மறுபக்கம் எரிகிறது. வடக்கில் நேர்வெயில் குறைவு. அங்கே ஒளி நாள் முழுக்க நிதானமாக நிற்கிறது. கதை சொல்வது கண்ணாடி மட்டுமல்ல, சூரியனுந்தான். உண்ணாநோன்பிருந்து உயிர்விடுவதை நம் முன்னோர் ‘வடக்கிருத்தல்’ என்றார்கள். எங்கள் சமணத்தில் அது சல்லேகனை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்த வடக்குச் சாளரத்தின் முன் எனக்கு அந்நியம் தோன்றவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடி சீமையின் மங்கிய வானத்துக்குப் பிறந்த கலை. நம் ஊர் வெக்கைக்கு அதனிடம் பதில் கிடையாது. பதில் சொன்னவர் லாரி பேக்கர். 1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் லயோலா சிற்றாலயத்துக்கு அவர் எழுப்பிய செங்கல் ஜாலிச் சுவர்கள் வெளிச்சத்தைச் சல்லடையில் சலித்து, காற்றோடு உள்ளே விடுகின்றன. பிரான்சில் லெ கொர்பூசியே ரோன்ஷாமில் கட்டிய சிற்றாலயத்திலோ (1955), தடித்த தெற்குச் சுவரின் குழிந்த துளைகளில் நிறக் கண்ணாடி பதித்து வெயிலை அடக்கியிருக்கிறார். மூன்றுக்கும் பொது ஒன்றுதான்: முதலில் திசை, பிறகு சுவர்.

இன்று கட்டப்படும் பல வழிபாட்டிடங்களில், எங்கள் மதத்தாருடையவை உட்பட, கண்ணாடியில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, பின்னால் விளக்கு வச்சுவிடுகிறார்கள். அது நாள் முழுக்க ஒரே முகம் காட்டும். பொழுது போவது அதற்குத் தெரியாது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் குலத்தில் பிறந்த எனக்கு இது பொறுக்கவில்லை. திருப்பணிக் கமிட்டியில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன், காலி மனையில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து வெயிலைப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.