மெர்ஜ் என்னும் வில்லங்கம்

எக்செல்லில் மவுஸைத் தொடாமல் வேலை பார்ப்பவருக்கு அலுவலகத்தில் தனி மவுசு. தலைப்பு வரிசையில் ஐந்தாறு செல்களைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எச், எம், சி என்று அடுத்தடுத்துத் தட்டுவார். செல்கள் ஒன்றாகித் தலைப்பு நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். இதுதான் மெர்ஜ். 2007-இல் ரிப்பன் வந்த நாளிலிருந்து இந்த வரிசை அப்படியே இருக்கிறது. ஆல்ட்டை அழுத்தியதும் எழுத்துகள் திரையிலேயே தெரிவதால் மனப்பாடம் செய்ய வேண்டியதும் இல்லை. இந்தப் பழக்கம் எக்செல்லுக்கும் முந்தையது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல் சாய்கோட்டைத் தட்டித்தான் மெனுவைத் திறந்தார்கள். எக்செல்லில் இன்றும் சாய்கோட்டைத் தட்டினால் அதே எழுத்துகள் எட்டிப் பார்க்கும்.

வேகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 0.18 என்பது 18% ஆகத் தெரியும். உள்ளே இருப்பது அதே 0.18 தான். 5-க்குப் பதில் 7 என்றால் சுற்றிலும் கட்டம் விழும். தவறாக அழுத்தினாலும் கணக்குக்குச் சேதமில்லை. சிக்கல் என்னவென்றால், மெர்ஜும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அலங்கார வேலைபோல உலவுகிறது. அது அலங்காரம் அல்ல, ஷீட்டின் அமைப்பையே மாற்றுகிற வேலை. பல செல்களில் தகவல் இருந்தால் இடது மேல் மூலையில் உள்ளது மட்டும் தங்கும், மற்றவை போய்விடும். எக்செல் எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் விசையிலேயே வாழும் கை, அந்தப் பெட்டியைப் படிப்பதற்கு முன்பே என்டரைத் தட்டிவிடுகிறது.

இதைக்கூட கன்ட்ரோல், இசட் காப்பாற்றும். சத்தமில்லாமல் நடக்கும் சேதம் வேறு. ஒரு விற்பனைப் பட்டியலில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் என ஐந்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் 10,000 ரூபாய். இடப்பக்கம் ஏ2 முதல் ஏ6 வரை மெர்ஜ் செய்து, நடுவில் அழகாக ‘மதுரை’. கண்ணுக்கு ஐந்துமே மதுரைதான். எக்செல்லுக்கோ ஏ2 மட்டுமே மதுரை. மற்ற நான்கும் காலி. சம்இஃப்ஸ் போட்டு மதுரையின் கூட்டுத்தொகையைக் கேட்டால் 50,000 வராது, 10,000 வரும். ஃபில்டர் போட்டால் மேலூர் மட்டும் நிற்கும். வரிசைப்படுத்தச் சொன்னால் மட்டும், மெர்ஜ் செய்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மறுத்துவிடும். மறுப்பதாவது பரவாயில்லை. அந்தப் பத்தாயிரம் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அறிக்கைக்குள் போய் உட்காரும்.

இதில் பழியை முழுக்கப் பயனர்மேல் போட நான் தயாரில்லை. தலைப்பை நடுவில் நிறுத்த ‘சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்’ என்று தீங்கில்லாத வழி ஒன்று இருக்கிறது. பார்வைக்கும் அச்சுக்கும் மெர்ஜ் போலவே இருக்கும். செல்கள் தனித்தனியாகவே நிற்கும். அதற்கு கன்ட்ரோல், 1 அழுத்தி, அலைன்மென்ட் பக்கத்துக்குப் போய், கீழே விரியும் பட்டியலில் தேட வேண்டும். மெர்ஜுக்கோ முகப்பிலேயே பெரிய பொத்தான், கூடவே நான்கே விசை. எது பழக்கமாகும் என்று கேட்கவா வேண்டும்? கன்ட்ரோல், டி போட்டு டேபிள் ஆக்கிய பகுதிக்குள் மெர்ஜ் செய்ய எக்செல்லே விடாது. அதன் அணுகல்தன்மைச் சரிபார்ப்பும் மெர்ஜ் செய்த செல்களைக் குறையாகவே சுட்டும். திரைவாசிப்பான் வழியே ஷீட்டைக் கேட்பவருக்கு எந்தத் தகவல் எந்தப் பத்திக்கு உரியது என்பது குழம்பிவிடும். இவ்வளவும் தெரிந்த மென்பொருள் முகப்புப் பொத்தானை மட்டும் நகர்த்தவில்லை.

சான்றிதழ், விண்ணப்பப் படிவம், சுவரில் ஒட்டும் கால அட்டவணை என அச்சடித்ததோடு முடிந்துபோகும் வேலைகளில் தாராளமாக மெர்ஜ் செய்யலாம். மேலிருந்து கீழாக இணைக்க ‘சென்டர் அக்ராஸ்’ உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கிடைமட்டத்துக்கு மட்டும்.

வேறொருவர் மெர்ஜ் செய்து அனுப்பிய பட்டியல் கைக்கு வந்தால், அதைச் சரிசெய்ய இதே ஷார்ட்கட்தான் கைகொடுக்கும். மதுரை இருக்கும் பகுதியைத் தேர்ந்து ஆல்ட், எச், எம், யு, இணைப்பு பிரிந்துவிடும். தேர்வைக் கலைக்காமல் கன்ட்ரோல், ஜி அழுத்தி, ஸ்பெஷலில் ‘பிளாங்க்ஸ்’ தேர்ந்தால் காலிச் செல்கள் மட்டும் பிடிபடும். சமக்குறி தட்டி, மேல் அம்புக்குறியை அழுத்தி, கன்ட்ரோலோடு என்டர். ஐந்து வரிசையானாலும் ஐயாயிரம் வரிசையானாலும் ஒரே மூச்சில் மதுரை நிரம்பிவிடும். பிறகு அந்தப் பத்தியை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட வேண்டும். அதற்கு முன் வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு செல்லும் தனக்கு மேலே புதிதாக வந்து நிற்கும் பெயரையே தன் மாவட்டம் என்று சொல்லத் தொடங்கும்.