துப்பாக்கியோடு ஒரு பெப்பர் ஸ்ப்ரே

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அமெரிக்கர்களிடம் அங்குள்ள பயிற்சியாளர்கள் பலர் வற்புறுத்துவது ஒன்று உண்டு: கூடவே ஒரு பெப்பர் ஸ்ப்ரேயும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அதைப் பின்பற்றுவது சொல்வதைப் போல எளிதல்ல.

உயிர் போகும் அல்லது உடலுக்குக் கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில்தான் ஒருவர் சுடலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. அன்றாடத் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் ஒருவன் கத்திக்கொண்டே நெருங்குகிறான், தள்ளுகிறான். துப்பாக்கி மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே பயன்படும் கருவி எதுவுமில்லை. மிரட்டுவதற்காக அதை வெளியே எடுத்தாலே அவர் மீது வழக்குப் பாயலாம். பத்துப் பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து கண்ணை மூடவைத்து, மூச்சைத் திணறவைத்து, முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும் மிளகாய்க் காரம் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. ஸ்ப்ரேயின் முதன்மையான பலம் இதுவே.

குறைகளில் சில பழகினால் சரியாகக்கூடியவை. காற்று எதிர்த்து வீசினால் அடித்தவர் கண்ணும் எரியும். மூடிய அறையில் எல்லோரும் தவிப்பார்கள். 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா தாக்கலான நாளன்று நம் மக்களவையில் ஓர் உறுப்பினர் ஸ்ப்ரே அடித்ததும் அவையே இருமியது, சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஜெல் வகை இந்தச் சிக்கலை ஓரளவு குறைக்கிறது. நாளாக ஆக டப்பாவின் அழுத்தம் குறைவதால், காலாவதித் தேதி பார்த்து மாற்ற வேண்டும். வெறியில் இருக்கும் சிலர் காரம் பட்டும் நிற்கமாட்டார்கள். அதனால்தான் ஸ்ப்ரேயை இடக்கையில் பிடித்து, துப்பாக்கி எடுக்கும் கையைக் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். கைப்பையின் அடியில் கிடக்கும் டப்பா எதற்கும் உதவாது.

எனக்குக் கவலை தருவது வேறு. உயிர் போகாது என்ற நம்பிக்கை கையை அவசரப்படுத்துகிறது. 2011இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில், தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் காவலர் ஸ்ப்ரே அடித்தார். அந்த இடத்தில் துப்பாக்கியை நீட்ட அவர் துணிந்திருக்கமாட்டார். பயிற்சி பெற்ற காவலருக்கே இப்படியென்றால், கோபத்தில் நிற்கும் சாதாரண மனிதரை எண்ணிப் பாருங்கள். தேவையின்றி முதலில் அடித்தவர் சண்டையைத் தொடங்கியவர் ஆகிறார். எதிராளி திருப்பித் தாக்க, அதன்பின் சுட்டால், தற்காப்பு என்ற வாதமே ஆட்டம் காணும்.

எதிரே நிற்பவரிடமும் துப்பாக்கி இருக்கலாம். 2020 அக்டோபரில் டென்வர் நகரில், போராட்டக் கூட்டங்கள் கலைந்துகொண்டிருந்தபோது, ஒருவர் தனியார் பாதுகாவலரை அறைந்து ஸ்ப்ரேயைப் பாய்ச்சினார். பாதுகாவலர் சுட்டார், ஸ்ப்ரே அடித்தவர் இறந்தார். தற்காப்பு வாதத்தை முறியடிக்க முடியாது என்று அரசுத் தரப்பு 2022இல் கொலை வழக்கைக் கைவிட்டது. கண் தெரியாமல் போகும் அந்த நொடியில், தன் ஆயுதம் பறிபோகும் என்று துப்பாக்கிக்காரர் அஞ்சுவார். உயிர்க்கொல்லி அல்லாத கருவி உயிரைக் குடிக்கும் சண்டைக்கு இப்படியும் வழி திறக்கிறது.

ஆகவே ஸ்ப்ரேயைத் துப்பாக்கியின் துணைப்பொருளாக நினைப்பது தவறு. எப்போது அடிக்கலாம், அடித்ததும் எப்படி விலகி ஓடுவது, யாரை அழைப்பது என்பதெல்லாம் தனியே கற்க வேண்டியவை. காரமில்லாத பயிற்சி டப்பாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இன்று உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோகலாம். அங்கே துப்பாக்கிக்கே பயிற்சி கட்டாயமில்லை, ஸ்ப்ரேக்கு யார் கேட்கப்போகிறார்கள்?