கால்டுவெல் என்னும் பெயர்: ஒரு திறனாய்வு

கால்டுவெல், போப் முதலிய ஆங்கிலக் குடும்பப் பெயர்களை நம் பெற்றோர் பலர் தம் மக்களுக்கு ஞானஸ்நானத்தின்போது இட்டுள்ளனர். இவற்றைக் ‘கிறிஸ்தவப் பெயர்கள்’ எனப் போற்றுவோரும் உளர். அடிமைத்தனத்தின் சின்னங்கள் எனத் தள்ளுவோரும் உளர். இவ்விரு முடிவுகளும் பெயரின் வரலாற்றை ஆராயாது எழுந்தவை.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள், 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபின், சில நூற்றாண்டுகளில் படிப்படியாக நிலைபெற்றன. ஊர், தந்தை பெயர், தொழில், பட்டப்பெயர் ஆகிய நான்குமே அவற்றின் முக்கிய ஊற்றுக்கண்கள். கால்டுவெல் என்பது ஊர்ப்பெயர். பழைய ஆங்கிலத்தில் குளிர்ச்சியையும் நீரூற்றையும் குறித்த இரு சொற்கள் இணைந்து அது பிறந்தது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இப்பெயருடைய இடங்கள் பல இருந்தமையால், இரத்த உறவில்லாத குடும்பங்களும் இப்பெயரைப் பெற்றன. தாம்பரத்தை அடுத்த திருநீர்மலை, நீரையும் மலையையும் கொண்டு பெயர் பெற்றதை இதனோடு ஒப்பிடலாம். வைணவத் திருப்பதியாகிய அவ்வூர்ப் பெயரிலாவது ‘திரு’ என்னும் அடைமொழி உண்டு. கால்டுவெல் என்னும் பெயரிலோ தண்ணீரன்றிச் சமயம் எதுவுமில்லை. போப் என்பது ரோமாபுரிப் பாப்பரசரைக் குறிக்கும் சொல்லினின்று எழுந்த பட்டப்பெயர். புராட்டஸ்டண்டு மிஷனெரி ஒருவர் அதைத் தாங்கிவர, தமிழர் அவரைப் ‘போப்பையர்’ ஆக்கிக்கொண்டனர்.

ராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நன்றியுணர்வால் மக்கள் அவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டனர். அங்கே குடும்பப் பெயராயிருந்தது இங்கே இடுபெயராயிற்று. அடுத்த தலைமுறையில் பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும் ஒற்றை எழுத்தாயிற்று. சொல் ஆங்கிலமாயினும் வழக்கு தமிழ் வழக்கே. அந்த நன்றியும் குருட்டு நன்றியன்று. நாடார் சமூகத்தைப் பற்றி 1849இல் அவர் எழுதிய நூலை அச்சமூகத்தாரே வன்மையாகக் கண்டித்தனர்.

யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில், பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களை மாணவர்க்கு இடும் வழக்கம் இருந்தது. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை இரு பெயர்களையும் ஒருங்கே தாங்கினார். தானியேலுக்கும் அவன் தோழருக்கும் பாபிலோனில் மறுபெயர் இட்டவன் அரண்மனை அதிகாரி என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். நன்றியால் ஏற்ற பெயரும், உதவிக்கு ஈடாகச் சுமத்தப்பட்ட பெயரும் ஒன்றாகா.

ஆயினும், இழிவுபடுத்தும் பெயர்களைச் சாதியமைப்பினால் சுமந்தவர்க்கு, சாதியை வெளிக்காட்டாத ஒரு புதுப்பெயர் விடுதலையாகவே தோன்றியது. அவர்களை நோக்கி, ‘அந்நிய மோகம்’ என்று எள்ளுவது நீதியன்று. தமிழ்ப்பெயர் வேண்டும் என வற்புறுத்துவோர், எந்தத் தமிழ்ப்பெயர் எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும்.

தம் பெயரால் ஞானஸ்நானம் பெற்றதாக எவரும் சொல்ல இடமிராதபடி, தாம் சிலருக்கே ஞானஸ்நானம் கொடுத்ததற்காகக் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் தேவனைத் துதிக்கிறார். மிஷனெரியின் பெயரைக் கிறிஸ்துவின் அடையாளமாகக் கருதும் சபை, இவ்வதிகாரத்தை மீண்டும் வாசிக்கக்கடவது. குழந்தைக்குப் பெயர் கேட்கும் ஆயர், அப்பெயரின் பொருளையும், அதை விரும்பும் காரணத்தையும் பெற்றோரிடம் அன்புடன் வினவுவாராக. விடை தெரிந்து இடும் பெயர் எம்மொழியினதாயினும் அதை மறுக்க வேண்டுவதில்லை.