வளையம் சுழல்வது எதனால்? மின்காந்தவியல் நூல்களில் கணக்கும் வினாவும்

ஆய்வுச் சுருக்கம்

செவ்வியல் மின்காந்தவியலைக் கணக்குகளின் வழியே கற்பிப்பது உலகெங்கும் நிலைபெற்ற முறையாகும். சரியான விடை சரியான புரிதலுக்குச் சான்றாகுமா என்பது இம்முறை எழுப்பும் அடிப்படைச் சிக்கல். மின்னூட்டம் பெற்ற வளையம் ஒன்று காந்தப்புல மாற்றத்தால் சுழலத் தொடங்கும் நிகழ்வை இரோடோவ், ஃபெயின்மன், கிரிஃபித்ஸ் ஆகிய மூவரின் நூல்களும் வெவ்வேறு வகையில் கையாளுகின்றன. அவற்றை நன்னூலின் வினாப் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மின்காந்தவியல், பயிற்சிக் கணக்கு, அறிவினா, ஐயவினா, மின்காந்தத் தூண்டல், கோண உந்தம்

முன்னுரை

தமிழில் இயற்பியல் பயில்வோர் பாடநூலின் இறுதியில் உள்ள பயிற்சிகளைக் ‘கணக்கு’ என்றே வழங்குகின்றனர். இச்சொல் எண்ணிக்கையையும் வரவு செலவையும் ஒருங்கே குறிப்பது. கணக்கு நேரானால் ஏடு மூடப்படும். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இயற்பியல் வகுப்பிலும் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது. நூலின் பின்பக்கத்தில் அச்சான விடையோடு மாணவர் கண்ட விடை ஒத்துப்போனால் பாடம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

மின்காந்தவியலில் இவ்வழக்கம் தரும் இழப்பு பெரிது. இயக்கவியலில் பந்தும் சாய்தளமும் கண்ணுக்குத் தெரிவன. புலமோ கண்ணுக்குத் தெரியாதது. சமன்பாட்டின் வழியாகவே மாணவருக்கு அறிமுகமாவது. சமன்பாட்டில் எண்களைப் பொருத்தி விடை காண இயலும் ஒருவர், புலம் என்பது உண்மையில் உள்ள ஒன்றா, கணக்கிடுவதற்கான உத்தியா என்று ஒருமுறைகூட எண்ணிப் பாராமல் பட்டம் பெற்றுவிடலாம்.

அறிவினாவும் ஐயவினாவும்

நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறது. இவற்றுள் முதல் மூன்றும் இவ்வாய்வுக்கு நேரடியாகப் பயன்படுவன. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரா எனக் காணக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இருவேறு கருத்துகளுக்கிடையே துணிவு பிறவாத நிலையில் கேட்பது ஐயவினா.

தேர்வுத்தாளில் இடம்பெறும் வினா எதுவாயினும் அறிவினாவே. குறை அதன் இருப்பில் இல்லை. அது அறிவினாவாகவே தொடங்கி அறிவினாவாகவே முடிந்துவிடுவதில் உள்ளது. நல்ல பயிற்சிக் கணக்கு, கேட்பவருக்கு அறிவினாவாக இருப்பினும், செய்பவரின் உள்ளத்தில் ஐயவினாவாக மாற வேண்டும். மின்காந்தவியல் நூல்களை மதிப்பிட இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. காந்தம் நிலைத்திருக்கக் கம்பிச்சுருள் நகர்ந்தாலும், சுருள் நிலைத்திருக்கக் காந்தம் நகர்ந்தாலும் தோன்றும் மின்னோட்டம் ஒன்றே. ஆயினும் அக்கால விளக்கம் முன்னதற்குக் காந்த விசையையும் பின்னதற்கு மின்புலத்தையும் காரணமாகக் காட்டியது. விளைவு ஒன்றாயிருக்கக் காரணம் இரண்டாவது ஏன் என்னும் ஐயத்தோடுதான் ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரை தொடங்குகிறது. இருவகைக் கணக்குகளுக்கும் அன்றைய மாணவர் பலரும் சரியான விடை கண்டிருக்கக்கூடும். விடைகள் ஒத்துப்போனதையே வினாவாக்கியது அக்கட்டுரையின் சிறப்பு.

இரோடோவின் வளையம்

மாஸ்கோவின் மிர் பதிப்பகம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இகோர் இரோடோவின் பொது இயற்பியல் கணக்குத் தொகுப்பு, இந்தியாவில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பயில்வோரிடையே நன்கறியப்பட்டது. அதன் தூண்டல் பகுதியில் ஒரு கணக்கு வருமாறு: மின்கடத்தா மெல்லிய வளையம் ஒன்று மின்னூட்டம் பெற்றுள்ளது, தன் அச்சைப் பற்றித் தடையின்றிச் சுழல வல்லது. தொடக்கத்தில் அது அசைவற்றிருக்கிறது; காந்தப்புலமும் இல்லை. பின்னர் வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தாகச் சீரான காந்தப்புலம் செலுத்தப்பட்டு வலுப்பெறுகிறது. வளையத்தின் கோண வேகம் என்ன?

தீர்வு சுருக்கமானது. மாறும் காந்தப்புலம் வளையத்தைச் சுற்றி மின்புலத்தைத் தூண்டுகிறது. அது மின்னூட்டங்களைத் தொடுகோட்டுத் திசையில் தள்ளுகிறது. திருப்புவிசையையும் நிலைமத் திருப்புத்திறனையும் இணைத்தால், மின்னூட்டத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்கி, நிறையின் இருமடங்கால் வகுத்துவரும் அளவே கோண வேகம் என்பது தெரியவரும்.

கணக்கின் கட்டமைப்பு செம்மையானது. மிகைத் தரவு எதுவும் இல்லை; ஃபாரடே விதியைப் புரிந்துகொள்ளாமல் உள்ளே நுழையவும் முடியாது. ஆனால் விடை கிடைத்த இடத்திலேயே இரண்டு ஐயங்கள் எழுந்திருக்க வேண்டும். முதலாவது, வளையத்தின் ஆரம் விடையில் இல்லாமற் போனது ஏன் என்பது. சிறிய வளையமும் பெரிய வளையமும் ஒரே கோண வேகத்தில் சுழலுமெனில், இவ்விளைவு வளையத்தைக் காட்டிலும் பொதுவான ஒன்றைச் சுட்டுகிறது. அணுவினுள் சுற்றும் எலக்ட்ரானுக்கும் இவ்வளவே பொருந்தும். லார்மர் அதிர்வெண்ணும் டயா காந்தத்தன்மையும் இங்கிருந்தே விளக்கம் பெறுகின்றன. இரண்டாவது ஐயம் இதனினும் ஆழமானது. அசைவற்றிருந்த வளையத்திற்குக் கோண உந்தம் வந்தது. வரவு எழுதப்பட்ட இக்கணக்கில் பற்று எங்கே? இரோடோவின் நூல் இவ்விரண்டையும் கேட்பதில்லை. ஏடு பாதியிலேயே மூடப்படுகிறது.

ஃபெயின்மனின் வட்டு

கால்டெக் நிறுவனத்தில் ஃபெயின்மன் ஆற்றிய விரிவுரைகளின் 2ஆம் தொகுதி 1964இல் வெளிவந்தது. அதன் 17ஆம் இயலில் இதே நிகழ்வு வேறு உருவில் இடம்பெறுகிறது. தடையின்றிச் சுழலவல்ல வட்டு ஒன்றின் நடுவே மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளும், விளிம்பைச் சுற்றி மின்னூட்டம் பெற்ற சிறு கோளங்களும் உள்ளன. வெளியிலிருந்து எவரும் தொடாமலேயே மின்னோட்டம் நின்றுவிடுகிறது. தூண்டல் விதிப்படி வட்டு சுழல வேண்டும். கோண உந்த அழிவின்மைப்படி, தொடக்கத்தில் எதுவும் சுழலாததால் இறுதியிலும் வட்டு அசையக் கூடாது. எது சரி?

தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என மயங்குவது போன்ற தூய ஐயவினா இது. மாணவர் இரண்டு விதிகளையும் நம்புகிறார். இரண்டும் எதிரெதிர் விடை தருகின்றன. ஃபெயின்மன் அந்த இயலில் தீர்வு கூறாமலேயே நகர்ந்துவிடுகிறார். 27ஆம் இயலில்தான் விடை வருகிறது. வட்டு சுழலும். மின்னூட்டமும் காந்தப்புலமும் சேர்ந்திருந்த நிலையிலேயே புலத்தில் கோண உந்தம் தேங்கியிருந்தது. மின்னோட்டம் நின்றபோது அதுவே வட்டுக்கு வந்து சேர்ந்தது. அசைவற்ற புலத்திலும் உந்தம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டாலன்றி இக்கணக்கு நேராகாது. புலம் வெறும் கணக்கீட்டு உத்தியன்று என்பதை இவ்வளவு கூர்மையாக உணர்த்தும் பயிற்சி பிறிதொன்றைக் காண்பது அரிது.

எனினும் இவ்வணுகுமுறையிலும் குறையுண்டு. தீர்வு சொல்லளவில் நின்றுவிடுகிறது. புலத்தில் இருந்த கோண உந்தம் எவ்வளவு, வட்டு பெற்றது எவ்வளவு, இரண்டும் சமமா என்பதைக் கற்பவர் கணித்துச் சரிபார்க்க வாய்ப்பளிக்கப்படவில்லை. வியப்பு மிஞ்சுகிறது, உறுதி மிஞ்சுவதில்லை.

கிரிஃபித்ஸின் இருபடிகள்

டேவிட் கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் அறிமுக நூல் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டது. தூண்டலைப் பற்றிய 7ஆம் இயலில், விளிம்பில் மின்னூட்டம் ஒட்டப்பட்ட சக்கரம் வருகிறது. காந்தப்புலம் நடுப்பகுதியில் மட்டுமே உள்ளது. மின்னூட்டம் இருக்கும் விளிம்பில் அது இல்லை. புலம் நிறுத்தப்பட்டதும் சக்கரம் சுழல்கிறது. காந்தப்புலமே இல்லாத இடத்தில் சுழற்சி நிகழ்வதால், தள்ளியது மின்புலமே என்பது ஐயமற விளங்குகிறது. வினா அமைப்பிலேயே தவறான புரிதலுக்கு வழி அடைக்கப்பட்டிருப்பது போற்றத்தக்கது.

8ஆம் இயலில், ஃபெயின்மன் வட்டின் மாற்றுருவாக ஒரே அச்சில் அமைந்த இரண்டு உருளைகளும் ஒரு வரிச்சுருளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உருளைகள் பெற்ற கோண உந்தமும் புலத்தில் முன்பிருந்ததும் தனித்தனியே கணிக்கப்பட்டுச் சமமெனக் காட்டப்படுகின்றன. பற்றும் வரவும் இங்கே நேராகின்றன. ஆனால் இரண்டும் ஆசிரியரே தீர்த்துக்காட்டும் எடுத்துக்காட்டுகள். சக்கரத்திற்கும் உருளைக்கும் இடையே ஓர் இயல் இடைவெளி உள்ளது. கோண உந்தம் பற்றிய ஐயம் மாணவருக்குத் தானாகப் பிறக்குமுன் ஆசிரியரே அதனை எழுப்பி, ஆசிரியரே விடையும் தருகிறார்.

கணக்கின்றி வினா நிற்குமா?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர், மின்சுற்றுப் பற்றிய எண்கணக்கையும் எண்ணில்லாக் கருத்து வினாவையும் ஒரே தேர்வில் கேட்டார். கணக்கைச் சரியாகச் செய்தோர் பலர் எளியதெனத் தோன்றிய கருத்து வினாவில் தடுமாறியதை 1997இல் வெளியான தம் நூலில் அவர் பதிவுசெய்துள்ளார். மின்னியல், காந்தவியல் கருத்துகளைச் சோதிக்க 2001இல் வெளியான 32 வினாக்கள் கொண்ட தேர்வும் இந்நோக்கிலேயே எழுந்தது. இவற்றைக் கொண்டு கணக்கைக் கைவிடலாம் எனக் கருதுவது பிழையாகும்.

ஓர் எளிய சான்று போதும். அரை மீட்டர் நீளமுள்ள கம்பி, 0.4 டெஸ்லா காந்தப்புலத்தில் தண்டவாளங்களின் மீது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுக்கப்படுகிறது. தூண்டப்படும் மின்னியக்கு விசை 0.4 வோல்ட். சுற்றின் மின்தடை 0.2 ஓம் எனில் மின்னோட்டம் 2 ஆம்பியர். வெப்பமாகும் திறன் 0.8 வாட். காந்த விசை எப்போதும் மின்துகளின் திசைவேகத்திற்குச் செங்குத்தானது. ஆகவே அது வேலை செய்வதில்லை. அப்படியாயின் 0.8 வாட் எங்கிருந்து வந்தது? கம்பியை எதிர்த்திசையில் தடுக்கும் விசை 0.4 நியூட்டன், அதனை வென்று இழுக்கும் கை செலுத்தும் திறன் 0.4ஐ 2ஆல் பெருக்கிய 0.8 வாட். காந்த விசையின் ஒரு கூறு கம்பியின் நெடுகே மின்துகளைத் தள்ளுகிறது. மறு கூறு கம்பியின் இயக்கத்தைத் தடுக்கிறது. இரண்டின் வேலையும் கூட்டினால் சுழி. இங்கு ஐயத்தை எழுப்பியது வினா. ஐயத்தைத் தீர்த்தது எண். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுபெறாது.

முடிவுரை

ஒரே நிகழ்வை இரோடோவ் கணக்காக்கினார், ஃபெயின்மன் ஐயமாக்கினார், கிரிஃபித்ஸ் தீர்வாக்கினார். மூன்றையும் ஒரே பயிற்சியின் மூன்று படிகளாகக் கொள்வதே கற்பித்தலுக்கு உகந்தது. முதலில் வளையத்தின் கோண வேகத்தை மாணவர் காணட்டும். அடுத்து அக்கோண உந்தத்தின் பிறப்பிடத்தைக் கேட்டு, விடை சொல்லாமல் ஒரு வாரம் விட்டுவைக்கலாம். இறுதியாகப் புலத்தின் கோண உந்தத்தை அவரே கணித்து ஒப்பிட வேண்டும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ கருவிகளோ தேவையில்லை. இருக்கும் கணக்குகளின் இறுதியில் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்னும் ஒரு வினாவைச் சேர்ப்பதும், அதற்கான மதிப்பெண்ணை விடைத்தாளில் ஒதுக்குவதுமே தேவை. பின்னது நிகழாதவரை முன்னது வகுப்பறையில் நிலைக்காது. மதிப்பெண் எதற்கு வழங்கப்படுகிறதோ அதையே மாணவர் கற்பர்.