கொல்லைத் தோட்டமும் ஒரு குடம் தண்ணீரும்

பங்குனி பாதியில் வேம்பு பூக்கத் தொடங்கியதும் கிராமத்து வீடுகளில் ஒரு பழைய வேட்டிக்கு வேலை வந்துவிடும். இரவில் மரத்தடியில் விரித்து வைத்து, காலையில் நான்கு முனையையும் கூட்டிப் பிடித்து எடுத்தால் இரண்டு கைப்பிடிப் பூ தேறும். முறத்தில் புடைத்துக் காம்பும் சருகும் தள்ளி, சில நாள் வெயிலில் போட்டால் பழுப்பேறிச் சுருங்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு எடுத்தது போக மிச்சம் டப்பாவில் ஏறி, ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும். அந்த மரத்துக்கு யாரும் விதை போட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. கொல்லையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனதில் பெரும்பாலும் இந்த வேம்புதான் இருக்கிறது. கொல்லையில் உள்ள மற்ற எதுவும் இப்படிச் சும்மா வருவதில்லை.

இளவேனிற் கொல்லைக்கும் ஆடிப்பட்டத்துக் கொல்லைக்கும் வேறுபாடு உண்டு. ஆடியில் ஊன்றிய அவரையும் பீர்க்கும் சுரையும் தை, மாசியோடு ஓய்ந்துவிடும். சித்திரையில் பந்தலில் தொங்கும் ஒற்றைச் சுரைக்காய் விதைக்கு விட்டது. அவரை விதையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் வைப்பார்கள். பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்பிக் காயவிடுவார்கள். அடுத்த ஆடியில் பெயர்த்து எடுத்து அப்படியே குழியில் வைக்கலாம், பூச்சி தொட்டிருக்காது. காய்ப்பது இப்போது மரங்கள்தான்: முருங்கை, மா, எலுமிச்சை. கார்த்திகையில் கவாத்து செய்த மல்லிகை பங்குனியில் மொட்டுக் கட்டத் தொடங்கும். சாயங்காலம் மொட்டைப் பறித்து, வாழைநாரை நனைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தொடுக்கும் அரைமணி நேரம், பகலெல்லாம் வெயிலில் வெந்த உடம்புக்குக் கிடைக்கும் உண்மையான ஓய்வு. அதைச் சிறிய சந்தோஷம் என்று ஒதுக்க நான் தயாரில்லை.

ஆனால் அண்மைக் காலமாகக் கொல்லைத் தோட்டம் வேறு விதமாகப் புகழப்படுகிறது. நஞ்சில்லாக் காய்கறி, தற்சார்பு, காசில்லாச் சத்துணவு என்கிறார்கள். கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் இது பொருந்தும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். நான்கடிப் பாத்தி ஒரு வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் குழம்பை நிறைவாக்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையிலிருந்துதான் வர வேண்டும். தற்சார்பு என்ற பெரிய சொல்லைக் கொல்லையின் தலையில் ஏற்றினால் அது தாங்காது.

தண்ணீரை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். சித்திரை வெயிலில் பத்துச் செடிக்கும் செடிக்கொரு குடம் ஊற்றினாலே 150 லிட்டர் போய்விடும். மிச்சம் 70 லிட்டரில் நான்கு பேர் குடித்து, சமைத்து, குளித்து, துவைக்க முடியாது. அப்படியும் கொல்லை பச்சையாக நிற்கிறது என்றால், அது குடித்து வளர்வது பாத்திரம் துலக்கிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர். துலக்கும் கல்லிலிருந்து வாழைக்கும், வாழையிலிருந்து சேம்புக்கும் மண்ணை வெட்டி விட்ட அந்த ஒரு சாண் வாய்க்கால்தான் இந்தத் தோட்டத்தின் மூளை. இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு சொட்டும் தெருவில் தேங்காமல், ஒரு குடமும் கூடுதலாகச் சுமக்காமல், கோடையில் இலையும் காயும் எடுக்கும் வழி இது.

இதிலும் இன்று ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கிய காலத்துத் தண்ணீர் வேறு, சோப்புத் தூள் கலந்த தண்ணீர் வேறு. சோப்புத் தூளில் உள்ள சோடியம் மண்ணில் தங்கத் தங்க, களிமண் இறுகி நீர் உள்ளே இறங்காமல் நிற்கும். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். வாழையும் கல்வாழையும் சேம்பும் ஓரளவு தாங்கும். கீரைப் பாத்திக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. துவைத்த தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் தனித்தனியாக விட வேண்டும் என்பது கொல்லை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரே குழாயில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தள்ளும்படி கட்டிய புதிய வீட்டில் அது நடக்காது. தேங்கும் தண்ணீர் என்றால் கொசுவையும் சொல்ல வேண்டும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். சாக்கடையை மட்டும் பார்த்துவிட்டு, மரத்தடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையை விட்டுவிடக் கூடாது.

நஞ்சில்லாமல் எல்லாம் தானாக விளையும் என்ற நம்பிக்கையை 2008இல் வந்த மாவுப்பூச்சி உடைத்தது. கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஏறாத செடியில்லை. பப்பாளி மரம் தண்டிலிருந்து காய்வரை வெள்ளையாகப் பஞ்சு பூசியதுபோல் ஆகி நின்றது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கொஞ்சம் தணித்தன, மீண்டும் ஏறியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியை ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கி வெளியே விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. மருந்தடிக்காமல் தீர்ந்தது என்பது உண்மை. ஆனால் அதைத் தீர்த்தது பாட்டியின் அறிவு இல்லை, பூச்சியியல் ஆய்வு. கொல்லைத் தோட்டத்தை நேசிப்பவர்கள் ஆராய்ச்சி நிலையத்தை எதிரியாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1 முருங்கை, விதை போட்டு ஆறே மாதத்தில் காய்க்கிறது. இன்று எத்தனையோ வீடுகளின் சாம்பாரில் விழுவது அந்தக் காய்தான்.

இந்தப் புகழுரைகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது, வேலை யாருடையது என்பதை அவை சொல்லாமல் விடுவது. விதை எடுத்து வைப்பதும், வாய்க்கால் திருப்புவதும், முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைந்தால் அதிகாலையில் தீப்பந்தம் பிடிப்பதும் பெரும்பாலும் பெண்கள். சித்திரையில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் வரிசையில் குடம் வைப்பதும் அவர்களே. இதைப் பொழுதுபோக்கு என்று எழுதும்போது உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. மறுபக்கமும் உண்டு. இரண்டு கட்டு முருங்கைக்காயும் ஒரு படி எலுமிச்சையும் விற்ற காசு நேராக வீட்டுப் பெண்ணின் சுருக்குப் பைக்குப் போகிறது. வயல் வருமானம் அப்படிப் போவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும். வேலையை வீட்டு ஆண்களும் பங்கிட்டுக்கொண்டால் இந்த ஏற்பாட்டில் நன்மை எதுவும் குறையாது.

நிலமும் எல்லோருக்கும் இல்லை, விளைந்ததும் எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை. வேலிக்கு மேல் கை நீட்டிக் கறிவேப்பிலை ஒடித்துத் தரும் பழக்கத்தைக் கிராமத்து அன்பு என்று கொண்டாடுகிறோம். அந்தக் கொத்து பல ஊர்களில் தெருவைத் தாண்டி, ஆதிதிராவிடர் வசிக்கும் காலனிக்குப் போவதில்லை. காலனியின் கறிவேப்பிலை ஊருக்குள் வருவதுமில்லை. அரசு தரும் ஆதிதிராவிடர் வீட்டுமனை கிராமத்தில் 3 சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி. தொகுப்பு வீடு எழும்பி, மகனுக்குக் கல்யாணமாகி அவனும் அதே மனையில் ஓர் அறை போட்டால் முதலில் போவது முருங்கை, அடுத்தது வேம்பு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலில் திறக்கப்பட்ட சமத்துவபுரங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் 5 சென்ட் ஒதுக்கினார்கள். பல சாதியினர் அடுத்தடுத்து வசிப்பதும், ஒவ்வொருவருக்கும் பின்னால் மரம் வைக்க இடம் இருப்பதும் ஒரே திட்டத்தில் அமைந்த அபூர்வம் அது. கொல்லைத் தோட்டத்துக்கு ஆதரவாக ஒரு கோரிக்கை மட்டும் வைக்கச் சொன்னால், விதைப் பொட்டலத்தைக் கேட்க மாட்டேன், மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள அந்த இரண்டு சென்ட்டைக் கேட்பேன்.

மீண்டும் தண்ணீருக்கு வருவோம். தூய்மை பாரதத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2020இல் வந்தபின் வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி வெட்டுவது அரசு வேலையாகியிருக்கிறது. நல்ல வேலை, தெரு உலர்ந்திருக்கும். இடமிருக்கும் வீட்டில் அதே குழியைக் கொல்லைப் பக்கம் வெட்டி, எண்ணெய்ப் பசை தங்க முன்னால் ஒரு சரளைக்கல் தொட்டி வைத்து, விளிம்பில் இரண்டு வாழைக்கன்று நட்டால் கூடுதல் செலவு அதிகமில்லை. வாட்டம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை, அங்கே தினம் பாத்திரம் துலக்குகிறவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் அவரால் ஒன்றும் மாற்ற முடியாது.