பழசானா வேறயா?

முதிர்ந்த பீரைத் தனி வகையா எண்ணணுமான்னு பீர் ரசிகர்கள் வாதாடுறாங்க. வயசு மட்டும் போதாதுங்கிறது என் கட்சி; பனையைப் பாருங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாட்டி அதே சாறு நொதிச்சுக் கள். தமிழ்நாட்டுல 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீர் விற்கலாம். சட்டமே சுண்ணாம்பைப் பார்த்துத்தான் பிரிக்குது! காலையில இனிக்கிற கள் சாயங்காலம் புளிக்கும். அப்பவும் அது புளிச்ச கள்தான். ஆனா நிலத்துல புதைச்சு முதிரவைச்ச மதுவை, புறநானூறு 120-ல் கபிலர் ‘தேறல்’ என்கிறார். தெளிந்தது என்று பொருள். அங்கே ஒருத்தர் வேணும்னே காத்திருந்திருக்கார்.

இங்கிலாந்தில் 1968-ல் வந்த தாமஸ் ஹார்டி ஏல் வருஷக்கணக்கா வைத்திருந்து குடிக்கவே காய்ச்சினது. அதோட பழைய பாட்டிலைத் தனியா எண்ணலாம். அலமாரியில மறந்துபோன லாகர் பத்து வருஷம் கிடந்தாலும் கெட்டுப்போன லாகர்தான்.