தரித்தவர்கள்

'பட்டதாரி' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பட்டம், தாரி. தாரி என்றால் தரித்தவர். வேஷதாரி, ஜடாதாரி மாதிரி. படித்தவர் என்கிற அர்த்தம் இதில் எங்கேயுமே இல்லை!

பட்டம் என்பது நெற்றியில் கட்டுகிற பொன் தகடு. ராஜாக்களுக்குக் கட்டினார்கள். கோயில் யானைக்கு இன்றும் நெற்றிப்பட்டம் உண்டு. பின்னால் இங்கிலீஷ்காரனின் 'டிகிரி'க்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. (ஆடிப்பட்டமும், மாஞ்சா போட்டு விடுகிற பட்டமும் தனிக்கதை.)

தரிக்கிற சமாசாரம் என்று ஆனபிறகு தரிக்காமல் இருப்பார்களா? கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ., அப்புறம் அடைப்புக்குறிக்குள் யு.எஸ்.ஏ. என் பி.காம்.கூட என் பத்திரிகையில் அச்சானதோடு சரி.

அந்த பி.காம்.மைத் தமிழில் 'இளங்கலை வணிகவியல்' என்று எழுதுகிறார்கள். இளங்கலை என்றால் பி.ஏ. அல்லவா? டெபிட், கிரெடிட்டில் என்ன கலை? பி.எஸ்ஸி.க்கு 'இளம் அறிவியல்' என்று அழகான சொல் இருக்கும்போதே, 'இளங்கலை இயற்பியல்' என்று விளம்பரம் கொடுக்கிற காலேஜ்கள் இருக்கின்றன. பொதுவாக 'இளநிலை' என்று போட்டால் சண்டையே இல்லை.

இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மைவிட உஷார். அங்கே எம்.ஏ. என்றால் முதுமாணி, பிஎச்.டி. வாங்கியவர் கலாநிதி. காய்ச்சல் என்று யாரும் கலாநிதி வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். நம்மிடமும் 'முனைவர்' இருக்கிறது. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு 'டாக்டர்' மீதுதான் ஆசை.

பட்டதாரி என்ற சொல்லுக்கு உண்மையான கனம் இருப்பது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு காகிதத்தில். முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை என்று தாசில்தார் ஆபீசில் கொடுப்பது. 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம். கவுன்சலிங்கில் இன்ஜினீயரிங் மாதிரியான தொழிற்படிப்பில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் வாங்கும்போது அந்தப் பிள்ளை பட்டதாரியே இல்லை. பிளஸ் டூதான் முடித்திருக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்று அத்தனை பேரும் படிக்காததற்கு அத்தாட்சி அது.

சலுகை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் அதில் படித்துவிட்டால், தங்கைக்கு முழு ஃபீஸ்.